புனேவில் ஓர் 'ஒகயாமா': ஜப்பான் செல்வோர் அங்கு காண வேண்டியவை என்ன?

கசார்வாடி (புனே): ஜப்பானின் மேற்குப் பகுதியில் உள்ள ஒகயாமா நகரின் புகழ்பெற்ற தோட்டம் எப்படியிருக்கும் என்பதை அறிய, கசார்வாடிவாசிகளுக்கு முதலில் மெட்ரோ பயணச்சீட்டே போதுமானது. இங்கிருந்து ரயில் மாறாமல் ஸ்வார்கேட் சென்று, ஆட்டோவில் சின்ஹகட் சாலையை அடைந்தால், மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேவின் (1919-2000) பெயரைத் தாங்கிய பூங்கா வரும். புனே-ஒகயாமா நட்புறவுப் பூங்கா என்றும் அழைக்கப்படும் இது, ஒகயாமாவின் கொராகுஎன் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு சுமார் 10 ஏக்கரில் அமைக்கப்பட்டது. மதிய வேளையில் மூடப்பட்டிருக்கும் என்பதால் காலையிலோ மாலையிலோ செல்வது நலம்.

வளைந்தோடும் நீரோடை, சிறு பாலங்கள், வண்ண மீன்கள், மேடு பள்ளமாக விரியும் புல்வெளி ஆகியவற்றை இங்கேயே கண்டுவிடலாம். ஆனால், மூலத் தோட்டத்தின் வரலாற்றை அறிய ஒகயாமாவுக்குத்தான் செல்ல வேண்டும்.

பெயரில் உள்ள பொருள்: ஒகயாமாவின் ஆட்சியாளர் இகேதா சுனமாசாவின் ஆணைப்படி 1687-ல் தொடங்கிய பணி 1700-ல் நிறைவடைந்தது. கானாசாவாவின் கென்ரோகுஎன், மிதோவின் கைராகுஎன் ஆகியவற்றுடன் ஜப்பானின் மூன்று பெருந்தோட்டங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. 'கொராகுஎன்' என்ற பெயர் 1871-ல் சூட்டப்பட்டது. அதைத் தமிழில் 'பின்னர் மகிழும் தோட்டம்' எனலாம். மக்களின் துயரை முதலில் எண்ணி, மக்கள் மகிழ்ந்த பின்னரே ஆள்பவர் மகிழ வேண்டும் என்ற சீன அறிஞரின் கருத்திலிருந்து பிறந்த பெயர் இது. எனினும், ஆட்சியாளர்களின் இத்தோட்டம் 1884-ல்தான் முழுமையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அழிந்து மீண்ட தோட்டம்: 1934-ல் ஏற்பட்ட வெள்ளமும், 1945-ல் நிகழ்ந்த அமெரிக்க விமானக் குண்டுவீச்சும் தோட்டத்தைப் பெரிதும் சிதைத்தன. எதோ காலத்து ஓவியங்களும் வரைபடங்களும் பாதுகாக்கப்பட்டிருந்ததால், பழைய வடிவிலேயே அதை மீட்டெடுக்க முடிந்தது. குண்டுவீச்சில் தப்பிய சில கட்டடங்களுள் ஒன்று ர்யூதென் மண்டபம். அதன் நடுவே ஓடை பாய்கிறது. ஓடையில் வண்ணக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவசரமாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகராமல், அதன் அருகே சற்று நேரம் நிற்பது நல்லது.

தோட்டத்துக்குள் நெல் வயலும் தேயிலைச் செடிகளும் இருப்பது தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். செங்கொண்டைக் கொக்குகளையும் இங்கு காணலாம். போருக்குப் பின் தோட்டத்தில் கொக்குகளே இல்லாத நிலையில், மாணவப் பருவத்தில் ஒகயாமாவில் பயின்ற சீன எழுத்தாளர் குவோ மோருவோ 1956-ல் இரண்டு கொக்குகளை அன்பளிப்பாக வழங்கினார்.

காகக் கோட்டை: தோட்டத்தின் பின்னணியில் தெரியும் ஒகயாமா கோட்டையை, தோட்டம் 'கடன் வாங்கிய காட்சி' என்று ஜப்பானியர் கூறுவர். தனக்குச் சொந்தமல்லாத காட்சியையும் தன் அழகில் சேர்த்துக்கொள்ளும் உத்தி இது. அசாஹி ஆற்றின் மறுகரையில் உகிதா ஹிதேஇயே 1597-ல் கட்டி முடித்த இக்கோட்டை, கருநிறம் காரணமாகக் காகக் கோட்டை எனப்படுகிறது. 1945-ல் எரிந்த முதன்மைக் கோபுரம் 1966-ல் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பப்பட்டது. பழைய மரக் கட்டுமானத்தை எதிர்பார்த்து உள்ளே செல்வோர் ஏமாற்றமடையக்கூடும். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தோட்டத்திலிருந்து நடந்தே கோட்டையை அடையலாம்.

கவனத்துக்கு: டோக்கியோவிலும் கொய்ஷிகாவா கொராகுஎன் என்ற பழைய தோட்டம் உள்ளது. கொராகுஎன் என்ற பெயரில் சுரங்க ரயில் நிலையமும் அங்குண்டு. பெயரை மட்டும் வைத்து இணையத்தில் தேடி முன்பதிவு செய்வோர், ஊர்ப் பெயரையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒகயாமாவுக்கு ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 45 நிமிடங்களில் சென்றடையலாம்.