24 மணி நேரம்... 3 மலைகள்... ஒரு வேன்! - நட்பைச் சோதிக்கும் பிரிட்டன் மலையேற்றச் சவால்

ஐந்து நண்பர்கள். ஒரு வாடகை வேன். பின் சீட் முழுக்க ஈர ஷூக்கள், மழைக் கோட்டுகள், பிரெட் பாக்கெட்டுகள். நேற்று மாலை ஸ்காட்லாந்தில் ஒரு மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இப்போது அதிகாலை 4 மணி. இங்கிலாந்தில் இன்னொரு மலையின் அடிவாரம். யாருமே சரியாகத் தூங்கவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் ஆளுக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பிரிட்டனில் ஒவ்வொரு கோடையிலும் இப்படிப்பட்ட வேன்களைப் பார்க்கலாம். 'நேஷனல் த்ரீ பீக்ஸ் சேலஞ்ச்' என்ற சவாலை எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மூன்றிலும் உள்ள மிக உயரமான மலைகளில் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும் பயண நேரமும் இதற்குள்ளேயே அடக்கம்!

கணக்கு என்ன?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர். இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். வேல்ஸின் ஸ்னோடன் 1,085 மீட்டர். ஸ்னோடனுக்கு வேல்ஸ் மொழியில் 'அர் வித்வா' என்று பெயர். அந்தப் பெயரையே முதன்மையாகப் பயன்படுத்துவது என்று அங்குள்ள தேசியப் பூங்கா நிர்வாகம் 2022-ல் முடிவெடுத்தது.

இமயமலையோடு ஒப்பிட்டால் இவை குட்டி மலைகள்தான். ஆனால், மூன்றையும் சேர்த்தால் சுமார் 37 கிலோமீட்டர் நடை, 3,000 மீட்டருக்கும் மேல் ஏற்றம். நடுவில் 700 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைப் பயணம் வேறு.

பெரும்பாலான குழுக்கள் போடும் கணக்கு இதுதான். பென் நெவிஸுக்கு 5 மணி நேரம், ஸ்காஃபெல் பைக்குக்கு 4, ஸ்னோடனுக்கு 4. முதல் பயணத்துக்கு 6 மணி நேரம், இரண்டாவது பயணத்துக்கு 5. கூட்டிப் பாருங்கள், சரியாக 24! சாப்பிட, உடை மாற்ற, பாத்ரூம் போக என்று ஒரு நிமிடம்கூட இதில் மிச்சமில்லை.

முதல் மலை: மேகத்துக்குள் ஒரு நடை

நீண்ட பகல் வேண்டும் என்பதால் பலரும் ஜூன் மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மாலை 5 மணிக்கு பென் நெவிஸில் தொடங்கினால், இரவு 10 மணி வாக்கில் இறங்கும்போதும் வானத்தில் வெளிச்சம் இருக்கும்.

ஏறத் தொடங்கும் இடம் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருப்பதால், மலையின் முழு உயரத்தையும் கால்களே கடக்க வேண்டும். அடிவாரத்தில் டி-ஷர்ட் போட்டு நின்றவர், உச்சியில் கையுறை இல்லாமல் நிற்க முடியாது. கோடைத் தொடக்கத்திலும் மேலே பனி கிடக்கும். உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். 1883 முதல் 1904 வரை இந்த உச்சியில் ஒரு வானிலை ஆய்வு நிலையம் இயங்கியது. அதன் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம்.

ஆபத்தும் அங்கேதான். உச்சியின் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மூடுபனியில் பாதை தெரியாமல் தவறான பக்கம் இறங்கினால் உயிருக்கே உலை. அதனால்தான் செல்போன் மேப்பை மட்டும் நம்பாமல், காகித வரைபடமும் திசைகாட்டியும் வைத்திருக்கச் சொல்கிறார்கள் மலை வழிகாட்டிகள்.

இரண்டாவது மலை: இங்கேதான் பரீட்சை

மூன்றில் உயரம் குறைந்தது ஸ்காஃபெல் பைக். நடக்கும் தூரமும் மற்ற இரண்டைவிடக் குறைவு. ஆனால், பல குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். ஆறு மணி நேரம் வேனில் மடங்கி உட்கார்ந்த கால்கள் விறைத்துப்போயிருக்கும். தூக்கம் கண்ணைச் சுற்றும். பாதையோ செங்குத்து. உச்சியை நெருங்கினால் வெறும் பாறைக் குவியல்.

இந்த உச்சிக்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப்போரில் உயிரிழந்த அந்தப் பகுதி வீரர்களின் நினைவாக, 1919-ல் லெகன்ஃபீல்டு பிரபு இதை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்குக் கொடையாக அளித்தார்.

அடிவாரத்தில் இருக்கும் வாஸ்டேல் ஹெட் பகுதிக்கும் ஒரு பெருமை உண்டு. ஆடு வளர்க்கும் விவசாயியாக இங்கே வாழ்ந்த ஜாஸ் நெய்லர், மலை ஓட்டத்தில் பிரிட்டனே கொண்டாடிய மனிதர். 1971-ல் இதே மூன்று மலைகளையும், கார் பயணத்தையும் சேர்த்து, 11 மணி 54 நிமிடத்தில் முடித்தார் அவர். மற்றவர்களுக்கு 24 மணி நேரமே திண்டாட்டம்!

'நீங்க போயிட்டு வாங்க...'

இப்போது முழங்கால் வலிக்கும் அந்த நண்பருக்கு வருவோம். அவர் முன்னால் இரண்டு வழிகள். 'நான் வேன்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லலாம். அல்லது, எல்லோர் கனவையும் கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறலாம்.

இரண்டாவதுதான் வீரம் என்று தோன்றும். உண்மையில், அதுதான் ஆபத்து. பாதி வழியில் நடக்க முடியாமல் போனால், குழு இரண்டாகப் பிரியும். நேரமாகிறது என்று வேகமானவர்கள் முன்னே போவார்கள். மெதுவானவர் தனியாகப் பின்தங்குவார். மேகம் இறங்கினால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் போவது மலை மீட்புக் குழு. இந்தக் குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், நள்ளிரவில் அழைப்பு வந்தால் படுக்கையிலிருந்து எழுந்து மலைக்கு ஓடுகிறார்கள். மீட்கப்பட்டவர்களிடம் கட்டணமும் வாங்குவதில்லை. 'வலிக்கிறது' என்று சரியான நேரத்தில் ஒருவர் சொல்லிவிட்டால், இவர்களில் பத்துப் பேராவது நிம்மதியாகத் தூங்கலாம்.

டிரைவர்தான் ஹீரோ

மலைகளைவிட பயமுறுத்துவது சாலைதான். 5 மணி நேரம் மலையேறிவிட்டு, இரவு முழுக்க வண்டி ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். அதனால்தான் மலையேறாத ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும், முடிந்தால் இருவர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துகிறார்கள். போட்டோவில் அவர் இருக்க மாட்டார். ஆனால், அவர் இல்லாமல் அந்த போட்டோவே இல்லை!

உள்ளூர்க்காரர்களின் வருத்தத்தையும் சொல்ல வேண்டும். அதிகாலையில் வேன் கதவுகள் அறையப்படும் சத்தம், குறுகலான சாலையில் நெரிசல், விட்டுச்செல்லும் குப்பை. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டத்தான் பலர் வருகிறார்கள். அந்த நல்ல மனது, மலையடிவாரத்தில் தூங்குகிறவர்களிடமும் இருக்க வேண்டாமா?

கடிகாரமா, கூட்டாளியா?

மூன்றாவது மலையான ஸ்னோடனில், பென்-அ-பாஸ் என்ற இடத்திலிருந்து ஏறுகிறார்கள். அது ஏற்கெனவே 359 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மிச்ச ஏற்றம் சற்றுக் குறைவு. உச்சி வரை 1896-லிருந்து ரயிலும் உண்டு. ரத்தம் கட்டிய கால்களோடு ஏறுபவர்கள் பக்கத்தில், டிக்கெட் எடுத்து ஜாலியாக வந்து இறங்குபவர்களைப் பார்க்கலாம்!

24 மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு ஒலிம்பிக் பதக்கம் எதுவும் கிடையாது. அதிகாரபூர்வ நடுவரும் இல்லை. கடைசி மலையின் உச்சியைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்துபவர்களும் உண்டு, அடிவாரம் வந்த பிறகே நிறுத்துபவர்களும் உண்டு. இதே மூன்று மலைகளையும் மூன்று நாள்களில் நிதானமாக ஏறுபவர்களும் இருக்கிறார்கள். வழியெல்லாம் ஊரைப் பார்க்கலாம், இரவில் தூங்கலாம்.

ஆக, நடுவரே இல்லாத போட்டியில் யாரிடம் தோற்பது, யாரை ஜெயிப்பது? 24 மணி நேரம் என்பது நண்பர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடு. தேவைப்பட்டால் அதை அழிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. மலை அடுத்த கோடையிலும் அங்கேயேதான் இருக்கும். ஐந்து பேரும் பத்திரமாக வீடு திரும்பினால்தான், அடுத்த முறையும் அந்த வேனில் ஐந்து பேர் இருப்பார்கள்!