அட்டைப்படம் யாருடைய துயரைச் சொல்கிறது?

சஞ்சிகையொன்றைக் கையில் எடுத்ததும் நம்மோடு முதலில் பேசுவது அதன் அட்டைப்படமே. போர், அனர்த்தம், கொலை பற்றிய அட்டைகளில் நாம் அடிக்கடி காண்பது என்ன? தலையில் கைவைத்து அழும் ஒரு பெண். அவளுடைய பெயர் இராது. அவளிடம் அனுமதி கேட்டார்களா என்பதும் தெரியாது. துயரத்தைச் சொல்ல வேறு வழியே இல்லையா?

வழி உண்டு என்று காட்டியவர்களுள் ஒருவர் பிரான்சுவாஸ் மூலி. பாரிசில் பிறந்த இவர், அமெரிக்காவின் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் ஓவிய ஆசிரியராக 1993இல் பொறுப்பேற்றார். அதன் அட்டையில் வழமையாகச் செய்தித் தலைப்புகள் இரா. ஓவியம் மட்டுமே பேசும்.

2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டு 2,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூலியும் அவரது கணவரான ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மனும், அருகிலிருந்த பாடசாலையில் படித்த மகளைத் தேடி ஓடினர். எந்தப் படமும் இவ்விழப்புக்கு ஈடாகாது எனக் கருதிய மூலி, அட்டையை முழுக் கறுப்பாக விடவே எண்ணினார். கோபுரங்களையும் கறுப்பிலேயே சேர்க்கலாம் என்றார் கணவர். செப்டெம்பர் 24 இதழ் அவ்வாறே வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வெறுங் கறுப்பு. உற்றுப் பார்த்தால் கறுப்பினுள் இரு கோபுரங்கள். இரத்தமில்லை, சடலமில்லை. ஆனால் இழப்பு இருந்தது.

2020 மே மாதத்தில் ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ்காரரின் முழங்காலின் கீழ் உயிரிழந்தார். அக்காட்சியின் காணொளி உலகெங்கும் பரவியது. ஆனால் ஓவியர் காதிர் நெல்சன், ஜூன் 22 இதழின் அட்டைக்கு அந்த இறுதிக் கணத்தை வரையவில்லை. புளொயிட்டை நிமிர்ந்து நிற்பவராக வரைந்து, அவரது உடலுக்குள்ளேயே இனவன்முறைக்குப் பலியான பலரை வரைந்தார். தன் வீட்டிலேயே பொலிசாரால் சுடப்பட்ட 26 வயதுப் பெண் பிரியோனா டெய்லரும் அவர்களுள் ஒருவர். ஒருவரின் மரணம் ஒரு சமூகத்தின் வரலாறாயிற்று.

சகோதரிகளே, நமது மகளிர் சங்கங்கள் வெளியிடும் சிறு மலர்களுக்கும் இது பொருந்தும். சொல்லவேண்டியதை முதலில் ஒரே வசனத்தில் எழுதுங்கள். அதற்குரிய ஒரு பொருளைத் தேடுங்கள்: பூட்டிய வீட்டின் திறப்பு, ஆளில்லாத சைக்கிள், அடுப்பங்கரையில் எஞ்சிய ஒரு கோப்பை. மலரின் பெயருக்கு மேலே இடம்விட்டு, பென்சிலால் சிறிதாக வரைந்து, தள்ளிவைத்துப் பாருங்கள். விளங்காவிட்டால் படத்தில் உள்ளவற்றைக் குறையுங்கள்.

வன்முறைக்கு உள்ளான பெண்ணின் புகைப்படம் அவளை ஊருக்கு அடையாளம் காட்டிவிடும். ஓவியமோ அவளை மறைத்துக்கொண்டே அவளுக்கு நேர்ந்ததைச் சொல்லும். எனினும் அச்சுக்குப் போகுமுன் படத்தை அவளிடம் காட்டுங்கள். அவள் வேண்டாமென்றால் அந்த அட்டை வேண்டாம்.