வயலினா, பிடிலா? பெற்றோர் குழப்பம்!

கேளம்பாக்கம்-
பையனுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கணும். ஆனால் எந்த வயலின்? பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்குமாடிகளில் குடியேறும் பெற்றோருக்கு இந்தக் குழப்பம் வருவது சகஜம்.

பெட்டி ஒன்றுதான். தந்தியும் நாலுதான். வாசிப்புதான் வேறு!

நின்றபடி

மேல்நாட்டு முறையில் தாடைக்கு அடியில் பெட்டியை இடுக்கி, பெரும்பாலும் நின்றபடி வாசிப்பார்கள். காகிதத்தில் எழுதிய சுரத்தைப் பார்த்து வாசிக்கணும். லண்டன் டிரினிட்டி பரீட்சை உண்டு, சர்டிபிகேட்டும் உண்டு.

சம்மணம்

நம்ம பிடில் வித்வானோ சம்மணம் போட்டு உட்காருவார். பெட்டியின் தலை வலது கணுக்கால் மேல். மறுமுனை மார்பில். சுருதியும் வேறே: ச, ப, ச, ப. குரு வாசிக்க, காதால் கேட்டுப் பிடிக்கணும். விரல் தந்தியில் வழுக்கினால்தான் கமகம்!

இந்தப் பிடிலும் வெள்ளைக்காரன் சரக்குதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) வெள்ளைக்காரரிடம் பாடம் கேட்டு, நம்ம சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். அயர்லாந்து கிராமங்களிலும் இதே பெட்டியைப் 'பிடில்' என்றே சொல்லி, காதால் கேட்டுப் பழகி, ஆட்டத்துக்கு வாசிக்கிறார்கள்.

இரண்டும்?

முடியும். எல். சுப்பிரமணியம் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். அப்பாவிடம் கர்நாடக வயலின் கற்று, அமெரிக்கா போய் மேல்நாட்டு இசையில் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

ஆனால் நடுவிலே முறை மாறினால் பிடிக்கிற விதம், சுருதி எல்லாமே புதுப் பாடம். காசும் வருஷமும் போகும். அதனால் முதலில் வாத்தியாரைப் பிடியுங்க. அப்புறம் பெட்டி. சின்னப் பையனுக்கு முழு அளவு வேண்டாம். அரை, முக்கால் அளவும் கிடைக்கும்.