சராசரி உயர்ந்தால் போதுமா?

1917-ஆம் ஆண்டில் கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வுச் சீர்திருத்தப் பணியில் ஈடுபட்டிருந்த பிரஜேந்திரநாத் சீல், தேர்வுப் பதிவேடுகளை ஆராய அழைத்தது ஓர் இயற்பியல் ஆசிரியரை! அவரே 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ்.

மதிப்பெண்களைப் பருவந்தோறும் ஆராயும்போது எளிதில் ஏமாந்துவிடும் இடம் ஒன்று உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வந்து, 10 மாணவர்கள் ஒரு கல்லூரியில் சேர்ந்ததாகக் கொள்வோம். முதல் பருவத்தில் அறுவர் 60-உம் நால்வர் 35-உம் பெறுகின்றனர், சராசரி 50. அந்த நால்வரும் படிப்பை விட்டு மலைக்குத் திரும்பிவிடுகின்றனர். அடுத்த பருவத்தில் எஞ்சிய அறுவரும் ஆளுக்கு 58 பெற்றால் சராசரி 58. அறிக்கையில் 8 மதிப்பெண் முன்னேற்றம்! ஆனால் ஒருவர்கூட முன்னைவிட அதிகம் பெறவில்லை. நால்வர் கல்வியையே இழந்துவிட்டனர். ஆகவே சேர்ந்த குழுவையே இறுதிவரை பின்தொடர வேண்டும். விலகியவர் பெயரை அடித்துவிடாமல், எந்தப் பருவத்தில் விலகினார் என்று குறிக்க வேண்டும்.

சரி, அறுவரின் மதிப்பெண் குறைந்ததே, அது சரிவுதானா? வினாத்தாள் கடினமாக இருந்திருக்கலாம் அல்லவா? மதிப்பெண்ணிலிருந்து, அத்தேர்வை எழுதிய பல்கலைக்கழக மாணவர் அனைவரின் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் தேர்வில் சராசரி 55, விலக்கம் 10 எனில் 60-இன் மதிப்பு 0.5. அடுத்ததில் சராசரி 46, விலக்கம் 8 எனில் 58-இன் மதிப்பு 1.5. மதிப்பெண் குறைந்தும் நிலை உயர்ந்திருக்கிறது! பல்கலைக்கழகச் சராசரியிலும் விலகியோரின் பாதிப்பு இருக்குமாதலால், இக்கணக்கிற்கு இரு தேர்வுகளையும் எழுதியோரை மட்டும் எடுத்துக்கொள்வது நலம்.