புதுச் சாயமும் பழைய மின்கம்பியும்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்” என்பது பழமொழி. இந்நாளிலோ வீட்டைக் கட்டுவோரினும், பிறர் கட்டியதை வாங்குவோரே மிகுதி. மலேசியாவில் தோட்டத்தை விட்டுப் பட்டணம் புகுந்த குடும்பங்கள் பல, சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து, புதுப்பிக்கப்பட்ட பழைய வீடுகளை வாங்குகின்றன. சாயம் புதிது, தரைக்கற்கள் புதியன. ஆனால், சுவருக்குள் ஓடும் மின்கம்பி முப்பது நாற்பது ஆண்டுப் பழையது என்பது குடியேறிய பின்னரே தெரியவருவதுண்டு.

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவேதான் மின்சுமைக்குத் தக்க பருமனுள்ள கம்பி வேண்டும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 13 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, குளிரூட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் 4 என்பது மலேசிய வீடுகளில் வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு: 3,600 வாட் வெந்நீர்க் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 16 ஆம்பியர் இழுக்கும். செலவைச் சுருக்க எண்ணி அதனை விளக்குக் கம்பியில் இணைத்தால், பியூஸ் பெட்டியிலுள்ள 6 ஆம்பியர் காப்புச் சுவிட்சு அடிக்கடி விழும். அது நோயன்று, நோயின் அறிகுறி. அதை உணராதார் அச்சுவிட்சைக் கழற்றி 20 ஆம்பியர் சுவிட்சைப் பொருத்துவர். பிறகு அது விழாது. ஆனால் கருவியின் சுமையோடு விளக்குகளின் சுமையும் சேர, மின்னோட்டம் கம்பி தாங்கும் எல்லையைத் தொட்டு மீறும். மேலுறை நாளடைவில் காய்ந்து வெடிக்கும். இணைப்பு தளர்ந்த இடத்தில் வெப்பம் மேலும் மிகும். கூரைக்குள் தீப்பற்றவும் கூடும். காப்புச் சுவிட்சு காப்பது கருவியை அன்று, கம்பியைத்தான் என்பதை மறந்ததன் விளைவே இது.

தீயைப்போலவே அஞ்சத்தக்கது மின்தாக்கு. கருவியின் உலோகப் பகுதியில் மின்சாரம் கசிந்தால், அதை நிலத்திற்குக் கொண்டுசெல்வது எர்த் கம்பி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிப்பது கசிவுத் தடுப்பான். கையாளும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியரிலும், வெந்நீர்க் கருவிக்கு 10 மில்லியாம்பியரிலும் அது இயங்கவேண்டும். எர்த் கம்பி சரியாக இருந்தால், கசிவு தோன்றியதுமே தடுப்பான் விழுந்துவிடும். எர்த் கம்பி அறுந்திருந்தாலோ, ஒருவர் கருவியைத் தொட்டு, கசிவு அவர் உடல்வழிப் பாய்ந்த பின்னரே அது விழும். தடுப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்துவது நன்று. எனினும் அது தடுப்பானை மட்டுமே சோதிக்கும், எர்த் கம்பியை அன்று.

1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளின்படி, மின்கம்பி வேலையைப் பதிவுபெற்றவர் மேற்பார்வையிடவேண்டும். வேலை முடிந்ததற்கு ‘ஜி’ பாரமும், சோதனை நடந்ததற்கு ‘எச்’ பாரமும் அளிக்கப்படவேண்டும். வீடு வாங்குவோர் முன்பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டுப் பார்ப்பது முறை. விற்பவர் காட்டும் ஆளை விடுத்து, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரைத் தாமே அமர்த்தி, பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கச் செய்யலாம். கம்பியின் மேலுறையை 500 வோல்ட் கருவியால் அளந்தால், தடை ஒரு மெகோமுக்குக் குறையலாகாது.

முன்பே குடியேறியவர்க்கும் அறிகுறிகள் உண்டு. பிளக்குத் தட்டு சுடுதல், கருகல் வாடை, கருவியைப் போட்டதும் விளக்கு மங்குதல், குழாயைத் தொட்டால் ‘சுரீர்’ எனல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு வயர்மேனை அழைக்கவேண்டும். விழுந்த சுவிட்சை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவது தீங்கு.

கம்பி மாற்றப் புதுச் சுவரை உடைக்க மனம் வாராதுதான். ஆனால், உடைத்த சுவரைப் பூசிவிடலாம். போன உயிரை மீட்க இயலாது.