பிரேக் பேடும் இரண்டாவது கையொப்பமும்

கடந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டு மந்திர் மார்க்கிலுள்ள எங்கள் குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாசலில் உள்ள வேகத்தடையை நெருங்கி பிரேக்கை மிதித்தபோது, பின்னிருக்கையிலிருந்து மகள் சொன்னாள்: “அப்பா, கார் விசில் அடிக்குது.”

அன்று வரை நான் அதைக் கேட்டிருக்கவில்லை. அல்லது கேட்டும் பொருட்படுத்தவில்லை. மறுமுறை மிதித்தேன். இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து மெல்லிய கிறீச்சொலி எழுந்தது. அது பழுதின் ஓலம் அன்று, திட்டமிட்டு வைக்கப்பட்ட ஓர் எச்சரிக்கை என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். பல கார்களில் பிரேக் பேடின் ஓரத்தில் சிறு இரும்புத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேடு தேய்ந்து மெலிந்ததும் அத்தகடு சுழலும் வட்டை உரசிக் குரல் கொடுக்கும். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு குறைந்ததும் வாடிக்கையாளருக்குச் செல்லும் குறுஞ்செய்தியை ஒத்த ஏற்பாடு இது.

திங்களன்று ஒரு பணிமனையில் காட்டினேன். பேடுகள் மட்டுமன்றி முன்பக்க வட்டுகள் இரண்டையும் மாற்ற வேண்டும், ரூ.9,800 ஆகும் என்றார்கள். வட்டின் தடிமன் இப்போது எவ்வளவு, எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆதாரச்சீட்டு இல்லாமல் எந்த வவுச்சரையும் கடத்திவிடாத துறையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் நான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் மெக்கானிக்காகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குடியிருப்பு முழுவதற்கும் அவர் ‘அங்கிள்’தான். விவரத்தைச் சொன்னதும் சிரித்தார். “நான் செய்து தரமாட்டேன், பேட்டா. நீ செய். நான் பார்க்கிறேன்” என்றார். அவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, வங்கியில் நாங்கள் ஒவ்வொரு நாளும் கடைப்பிடிக்கும் நெறி அதுவே. பதிவு செய்பவர் ஒருவர். சரிபார்த்து அங்கீகரிப்பவர் வேறொருவர். எவ்வளவு மூத்த அதிகாரியாயினும் தாம் பதிந்ததைத் தாமே அங்கீகரிக்க இயலாது.

அந்த வாரம் முழுவதும் இரவுகளில் வாகனக் கையேட்டைப் படித்தேன். வணிகவியல் படித்தவனுக்கு இயற்பியல் தூரத்து உறவு. ஆயினும் ஒரு கணக்கு என்னை உலுக்கியது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதிலுள்ள இயக்க ஆற்றல் ஏறக்குறைய 139 கிலோஜூல். அறை வெப்பத்திலுள்ள இரண்டு தம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வண்டியை நிறுத்தும்போது அவ்வாற்றலில் பெரும்பகுதி, சில நொடிகளில், உள்ளங்கை அளவேயான பேடுகள் வட்டுகளை உரசுவதால் வெப்பமாகிறது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களே அதிகம் உழைக்கின்றன. ஆகவே முன்பக்கப் பேடுகளே பொதுவாக முதலில் தேய்கின்றன.

பேடு மாற்றுவது மோட்டார் வாகனம் அளவுக்கே பழைய வேலை. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மகன்கள் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கணவர் உருவாக்கிய மூன்று சக்கர வாகனத்தில் பயணம் செய்தார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக்குகள் தேய்ந்து பிடிமானம் இழந்தன. வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியைக் கொண்டு அவற்றின்மேல் தோல் பட்டையை அறையச் செய்தார் அவர். இன்றைய பிரேக் லைனிங்கின் தொடக்கமாக அதைச் சொல்வதுண்டு. வட்டு பிரேக்குக்கு 1902-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார். ஆனால் 1950-களில்தான் அது கார்களில் பரவத் தொடங்கியது. நம் நாட்டில் இத்தொழிலின் பெரும் களங்களில் ஒன்று சென்னை. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இலும், ரானே பிரேக் லைனிங் 1964-இலும் தொடங்கப்பட்டன. கரோல் பாக் உதிரிபாகக் கடையில் நான் வாங்கிய பேடுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அதில் தமிழ்நாட்டு முகவரி இருந்தது. ஊர்க்காரரைச் சந்தித்த மகிழ்ச்சி எனக்கு. கடைக்காரருக்கு அது விளங்கவில்லை.

அதே கடைத்தெருவில் பாதி விலைக்கும் பேடுகள் கிடைக்கும். விலைச்சீட்டு கேட்டால் ‘எதற்கு, சார்?’ என்பார்கள். பிரேக் விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் கடையை விட்டு வெளியேறிவிடுவதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குளிர்காலப் பனிமூட்டம் கலைந்து வெயில் வந்தது. கையேட்டின்படி பதினான்கு படிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திய பின்னரே ஜாக்கியில் தூக்கினேன். தூக்கியதும் வண்டிக்கு அடியில் இரும்புத் தாங்கி வைக்கச் சொன்னார் அங்கிள். ஸ்டெப்னி மாற்றக் காருடன் வரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியருகே அமர்ந்து வேலை செய்யக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைக்கச் சொன்னார். தாங்கியும் சரிந்தால் அது காக்குமாம். பிணைக்குமேல் பிணை!

காலிப்பரின் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கியதும் பேடுகள் இரண்டும் கையோடு வந்தன. புதிய பேடின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நலம். வெளிப்பக்கப் பேடு இன்னும் 5 மில்லிமீட்டர் இருந்தது. உள்பக்கத்தில் இரண்டுகூட இல்லை.

“ஏன் இந்த வித்தியாசம்?” என்று அங்கிள் கேட்டார். விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. நான் விழித்தேன். காலிப்பரைத் தாங்கும் வழுக்கு ஊசிகளை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கீழ் ஊசி கிரீஸ் வற்றி, துருவேறி இறுகியிருந்தது. பிஸ்டன் உள்பேடை அழுத்தும்போது காலிப்பர் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்த வேண்டும். ஊசி இறுகினால் காலிப்பர் சரிவர நகராது. உள்பேடு மட்டும் உழைத்துத் தேயும். அதைக் கவனிக்காமல் புதுப் பேடு போட்டால் அதே தேய்மானம் விரைவில் திரும்பிவரும். ஊசிகளைத் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ் பூசினேன். பேடின் முகத்திலும் வட்டிலும் ஒரு துளியும் படக் கூடாது. தூசியை ஊதவும் கூடாது. முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தேன்.

அங்கிள் தம் வெர்னியர் அளவுகோலால் வட்டை அளந்தார்: 16.4 மில்லிமீட்டர். வட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச அளவு 15. மேடுபள்ளமோ விரிசலோ இல்லை. பணிமனையின் மதிப்பீட்டில் வட்டுகளுக்கான தொகை அந்த இடத்திலேயே கரைந்தது.

பிறகு, சி-கிளாம்ப் கொண்டு பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன். அப்போது எண்ணெய்த் தொட்டியில் பிரேக் திரவம் மேலேறும். வழிந்தால் வண்டியின் வண்ணப்பூச்சை அரித்துவிடும். ஆகவே மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும். காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்திருந்தேன். முதல் சக்கரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வலப்பக்கத்துக்கு நாற்பது நிமிடம். ஒரு பக்கம் நன்றாக இருந்தாலும் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; இல்லாவிடில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும்.

நட்டுகளைக் கையேட்டில் குறித்த முறுக்கத்துக்கு இறுக்கியாயிற்று. செங்கற்களை அகற்றினேன். வேலை முடிந்த பூரிப்பில் உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்பினேன். எங்கள் குடியிருப்பின் உட்சாலை வாயிலை நோக்கிச் சரிந்து செல்லும். வாயிலருகே குழந்தைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அங்கிருந்தாள். கை பிரேக்கை விடுவிக்கக் கை நீட்டியபோது, அங்கிள் வண்டியின் முன் வந்து நின்று பானட்டின்மீது உள்ளங்கையை வைத்தார்.

“பெடலை மிதி, பேட்டா.”

மிதித்தேன். எந்தத் தடையும் இல்லாமல் பெடல் தரைவரை சென்றது.

அந்த ஒரு கணத்தில் வயிற்றுக்குள் ஏற்பட்ட வெறுமையை இப்போதும் உணர்கிறேன். காரணம் எளிது. பிஸ்டனை நான் உள்ளே தள்ளியிருந்தேன்; பேடுக்கும் அதற்கும் இடையே இடைவெளி இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் திரவம் பிஸ்டனைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளி அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். இரண்டாவது மிதியில் பாதியில் நின்றது. ஐந்தாவதில் கல்லைப் போல் உறுதியானது. அதற்குமுன் வண்டியை நகர்த்தியிருந்தால், முதல் மிதிக்கு பிரேக்கே இருந்திருக்காது.

தாளை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று படிகளுக்கும் டிக் அடித்திருந்தேன். பதினான்காவது, ‘வண்டியை நகர்த்துமுன் பெடல் உறுதியாகும்வரை மிதிக்கவும்’ என்பது, தாளின் மறுபக்கத்தில் இருந்தது.

பின்னர் திரவத்தின் அளவையும் கசிவு இல்லாததையும் பார்த்துவிட்டு, உட்சாலையிலேயே நடைவேகத்தில் இருமுறை நிறுத்திச் சோதித்தோம். அங்கிள் பக்கத்து இருக்கையில் அமர, சங்கர் ரோடு வழியாக ரிட்ஜைக் கடந்து, போக்குவரத்துக் குறைந்த இடங்களில் மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகப் பலமுறை வேகத்தைக் குறைத்தோம். புதுப் பேடு வட்டோடு பழக அது அவசியம். சில நூறு கிலோமீட்டர் வரை அவசரப் பிரேக்கைத் தவிர்க்கச் சொன்னார்.

வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன். பேடுகள் ரூ.1,450, கிரீஸ், துப்புரவுத் திரவம் முதலியன ரூ.550, ஆக வருவாய்ச் செலவு ரூ.2,000. தாங்கிகள் ரூ.1,600, முறுக்க அளவு காட்டும் ஸ்பானர் ரூ.2,300, மூலதனச் செலவு ரூ.3,900. அடுத்த முறைதான் உண்மையான சேமிப்பு. உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டிகளிலும், மின்னணுக் கை பிரேக் உள்ள வண்டிகளின் பின்சக்கரங்களிலும் இம்முயற்சி வேண்டாம். வாகனக் காப்பீடு தேய்மானத்தை ஈடு செய்யாது. வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பது காப்பீடு பெற்றவரின் கடமை என்றே ஒப்பந்தம் கூறுகிறது. எனவே விலைச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அன்று மாலை பராமரிப்புக் குறிப்பேட்டில் தேதி, ஓடிய தூரம், பேடின் அளவு ஆகியவற்றை எழுதி, ‘செய்தவர்’ என்ற இடத்தில் கையொப்பமிட்டேன். பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம் வரைந்து அங்கிளிடம் நீட்டினேன். ஃபில்டர் காபியைக் கீழே வைத்துவிட்டு, குர்முகியில் நிதானமாகக் கையொப்பமிட்டார். “நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தேன். இடப்பக்கத்தில் ஒரு நட்டு கால் சுற்று இறுகியது.