மீனாட்சிக்கு வந்த மெட்டு

நவராத்திரியின்போது கம்பத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். சுண்டல் வருவதற்கு முன்னால், அவருடைய பத்து வயதுப் பெண் பிடிலை எடுத்து, "வந்தே மீனாட்சி" வாசித்தாள். துள்ளலான மெட்டு. அவளுடைய அப்பத்தா கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, இது அயர்லாந்து மெட்டு! மாலோ என்ற ஊரின் குடிகார மைனர்களைப் பற்றிய பாட்டு" என்று சொல்லிவிட்டேன்.

தாளம் நின்றது. "ஆத்தாளுக்குக் குடிகாரப் பய மெட்டா?" என்றார் அப்பத்தா. குழந்தை வில்லைக் கீழே வைத்துவிட்டாள். தீ மூட்டியவன் நான். அணைக்க வேண்டியவனும் நான்தானே! கதையைச் சொன்னேன்.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் குடும்பத்துடன் சென்னையை அடுத்த மணலியில் இருந்தார். ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிடித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் புனைந்தார். சங்கராபரணத்தில் அமைந்த இவற்றுக்கு 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். கமகம் இல்லாத நேர் ஸ்வரங்கள்; ஆகவே குழந்தைகளுக்குச் சுலபம்.

'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அந்த அயர்லாந்து மெட்டு 18-ம் நூற்றாண்டின் நடுவிலேயே அச்சேறியது. இங்கே மீனாட்சி துதியான அதே மெட்டு, 1952-ல் 'தி கொயட் மேன்' என்ற ஹாலிவுட் படத்திலும் ஒலித்தது. 'லார்டு மக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டின் பயணம் இன்னும் வேடிக்கை. தீட்சிதரிடம் அது "ஜகதீச குருகுக" ஆயிற்று. அமெரிக்கக் கிராமத்துப் பிடில்காரர்களிடம் போய் 'லெதர் பிரீச்சஸ்', அதாவது தோல் கால்சட்டை, என்று பெயர் பெற்றது!

"அதெல்லாம் சரி, நமக்கென்று மெட்டு இல்லையா?" என்றார் அப்பத்தா, விடாமல்.

"அம்மா, உங்கள் பேத்தி கையில் இருக்கும் பிடிலே அங்கிருந்து வந்ததுதான். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? உங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் தியாகராஜரையும் ஜெர்மனியின் பாஹையும் சந்திக்க வைத்தார். யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?"

அப்பத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சுண்டல் கிண்ணத்துடன் வந்த மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இவளும் வேறூர்க்காரிதான். விளக்கேத்துறது இந்த வீட்டுலதானே! நீ வாசி, தாயி."

குழந்தை வில்லை எடுத்தாள்.